கெளுத்திக்குப் பதினோரு விலா

நேற்று மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார். பக்கத்துத் தெருவில் அவருடைய அப்பா கட்டிய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறாராம். பழைய பிளானுக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்றார். சுருட்டி வைத்திருந்ததை வாங்கி மேஜைமேல் விரித்தேன். நீலக் கோடுகளாக விழும் அந்தக் காலத்து அச்சு. விரித்த கையோடு அம்மோனியா வாடை ஏறியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதில் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்? மூக்கில் பட்டதா, நினைப்பில் பட்டதா, சொல்லத் தெரியவில்லை. வந்தவர் எதையும் கவனித்த மாதிரி இல்லை. நான்தான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

எண்ணூர் படகுப் பட்டறையின் டிராயிங் ஆபீசில் நீ நாள் முழுக்க அம்மோனியா அச்சு எடுத்துவிட்டு மின்சார ரயிலில் வந்து இறங்கும்போது, உன் துப்பட்டாவில் அந்த வாடை இருக்கும். "கிட்ட வராதடி, நாத்தம் கீது" என்று நீயே தள்ளி நிற்பாய். லேடீஸ் பெட்டியில் உனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைப்பதற்கு அதுதான் காரணம் என்றும் சொல்லிச் சிரிப்பாய்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. நாளெல்லாம் அடுத்தவர்களின் மனுக்களையும் பயோடேட்டாக்களையும் தட்டிவிட்டு, சொந்தமாக ஒரு வரி எழுத எனக்கு உடம்பு வளைவதில்லை. ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கெளுத்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது நான் கல்மண்டபத்தில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாதம் மூன்று நாவல் போடுவார்கள். ஒன்று குடும்பம், ஒன்று துப்பறிவு, ஒன்று விண்வெளி. விண்வெளிக் கதை எழுதிக்கொண்டிருந்த பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்து, இனி முடியாது என்று கடிதம் போட்டுவிட்டார். அட்டை மட்டும் முன்னமே அச்சாகி வந்து கட்டுக் கட்டாகக் கிடந்தது. முதலாளி ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார்.

"மேகலா, நீதான் எல்லாத்தியும் டைப் அடிச்சிகினு கீறியே. உனக்குத் தெரியாத கதையா? ஒண்ணு எய்திக் குடு. பேரு அவரு பேரே இருக்கட்டும்."

வாழைப்பூவைப் படுக்கப் போட்டது போல ஒரு வெள்ளிக் கப்பல் அந்த அட்டையில் நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கப்பலும் தெரியாது, வானமும் தெரியாது. ஏழாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ; பத்து முடித்து ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்து, இப்போது நிஜப் படகுகளுக்கே கோடு இழுப்பவள். உன்னைத்தான் கேட்டேன். ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இதுல கதவு எங்கடி கீது? ஜனம் எப்டி உள்ள பூரும்? சரி, பூந்துடுச்சின்னே வை. குடிக்கத் தண்ணி? ஒண்ணுக்குப் போவறதுக்கு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும், கொருக்குப்பேட்டையில் இறங்க வேண்டியவள் இறங்காமல் ராயபுரம் வரை வருவாய். அதே பெஞ்சு, நீ கொண்டுவரும் வேர்க்கடலை, பின்பக்கம் வெறுமையாக இருக்கும் பழைய டிராயிங் தாள். நீ சொல்வாய், வரைவாய். நான் எழுதுவேன்.

கதை இதுதான். பூமியின் படையில் இருப்பதெல்லாம் பெரிய, மெதுவான கப்பல்கள். செவ்வாய்க்கு அப்பால் கொள்ளையர்கள் சரக்குக் கலங்களை மடக்கிவிட்டு ஓடிவிடுகிறார்கள். துரத்துவதற்குச் சின்னதாக, வேகமாக ஒரு போர்க்கலம் வேண்டும். நிலாவில் இருக்கும் பட்டறையில் அதைக் கட்ட உத்தரவு வருகிறது. நான் 'வஜ்ரம்' என்று பெயர் வைத்திருந்தேன். நீ அடித்துவிட்டாய்.

"வஜ்ரமாம். கெளுத்தின்னு வையி. இத்தினூண்டு மீனு. ஆனா அந்த முள்ளு ஒருவாட்டி குத்துச்சின்னு வை, ரெண்டு நாளு காய்ச்ச."

முதல் நாவலிலேயே கெளுத்தி பறந்து கொள்ளையரை ஒழித்திருக்க வேண்டும். நீதான் விடவில்லை. "மொத கப்பலு மொத தபாவே சரியா வராதுடி. நா பாத்ததே இல்ல" என்றாய். எனவே முதல் கெளுத்தி சோதனையில் முழு வேகம் எடுத்தபோது உடம்பு முழுக்க அப்படி உதறியது, உள்ளே இருந்தவர்களுக்கு அளவுமானிகளில் இருந்த எண்ணைப் படிக்க முடியவில்லை. எஞ்சின் பெரிது, உடம்பு சின்னது. இரண்டாவது மாதம் உதறல் நின்றது, சூடு ஏறியது. ஒன்பது பேர் இரண்டு ஷிப்டாகப் படுக்கும் அறையில் சுவரைத் தொட்டால் கை பொரிந்தது. மூன்றாவது மாதம் தலைமையகத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் இன்னொரு பீரங்கி வேண்டும் என்றார். ஒருவர் இன்னும் கொஞ்சம் எரிபொருள் என்றார். ஒருவர் தளபதிக்குக் கதவு வைத்த தனியறை வேண்டும் என்றார். கெளுத்தி கனத்துக்கொண்டே போனது.

அந்த அதிகாரிகளை நீ எழுதச் சொன்னபோது அவர்கள் ஒவ்வொருவரும் எப்படி இருமுவார்கள், எப்படி மேஜையில் பேனாவைத் தட்டுவார்கள் என்பது வரை சொன்னாய். உனக்கு இவ்வளவு கற்பனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வேகத்த எவன் வேணா குடுத்துடுவான்டி. ஆளாளுக்கு ஒரு சாமான ஏத்த வருவானுங்க பாரு, அவுங்கள வாசல்லயே நிறுத்தறதுதான் கஷ்டம்" என்று நீ அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

அச்சகத்துக்குக் கார்டுகள் வர ஆரம்பித்தன. ஆசிரியர் ஐயாவுக்கு, கெளுத்தி பறக்குமா பறக்காதா என்று கேட்டு. தன் வீட்டுக்குக் கக்கூஸ் கட்டும் மேஸ்திரியும் இதே மாதிரிதான் என்று ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதலாளிதான் பொறுமையிழந்தார். "கப்பலு எப்பம்மா கெளம்பும்? மூணு மாசமா ஷெட்டுக்குள்ளயே வச்சிகினு கீற!" டிவி சீரியல்கள் வந்து மற்ற நாவல்கள் கட்டுப் பிரிக்காமல் திரும்பிக்கொண்டிருந்த காலம். கெளுத்தி மட்டும் விற்றது. அதனால் கத்துவதோடு நிறுத்திக்கொண்டார்.

நான்காவது நாவலுக்கு உட்கார்ந்த சனிக்கிழமை நீ வேர்க்கடலை கொண்டுவரவில்லை. ஒரு பக்கத்தை நீயே எழுதிக்கொண்டு வந்திருந்தாய். கட்டம் கட்டமான உன் படக்காரர் கையெழுத்து. அதில் நிலாப் பட்டறையின் டிராயிங் ஆபீசில் தாமரை என்று ஒரு பெண் இருந்தாள். மற்றவர்கள் வரைந்ததை நகலெடுப்பது அவள் வேலை. கெளுத்தியின் கனத்தைக் குறைக்க, அடிவயிற்றில் இருக்கும் பதினான்கு விலா எலும்புகளைப் பதினொன்றாக்கி ஒரு புது வரைபடம் அவளிடம் வருகிறது. கணக்கை யாரும் திரும்பப் போடவில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. சொல்லிப் பார்க்கிறாள். யாரும் கேட்கவில்லை. சோதனை நாள் நெருங்குகிறது.

படித்துவிட்டு உன்னைப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னாய். உங்கள் பட்டறையில் கடலோரக் காவலுக்காக ஒரு வேகப் படகு இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உதறியது, சூடு ஏறியது, ஆளாளுக்கு ஒன்றை ஏற்றியது, எல்லாம் அந்தப் படகுக்கு நடந்தது. பேசிய வேகம் வரவில்லை என்றதும் அடியில் விலா எலும்பு மாதிரி இருக்கும் பிரேமைக் குறைத்து வரைபடம் வந்தது. பதினான்கு போய்ப் பதினொன்று. அதை மசியில் நகலெடுத்தவள் நீ.

"கேட்டியா?"

"கேட்டேன். ஹெட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? நீ கோடு போட வந்தவ, கோடு போடு. கணக்குப் போட ஆளு கீது."

ரயில் வந்ததும் எழுந்து போய்விட்டாய். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் அத்தியாயத்தை எழுதினேன். நாம் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நடுவாரத்தில் அச்சகத்துக்கே போன் செய்தாய். பின்னால் லாரி சத்தம். பூத்திலிருந்து பேசினாய்.

"மேகலா, அந்தப் பக்கம் வாணாம்டி. எடுத்துடு. எங்க ஆபீசுல இந்த புக்கப் படிக்கிற ஆளு கீது. நம்பரு வேற அப்டியே கீது. பேஜாராயிடும்."

"பாரம் மெஷின்ல ஏறிடுச்சேடி" என்றேன்.

"சரி, வுடு" என்று வைத்துவிட்டாய்.

அச்சுக்குப் போக வேண்டிய அந்தப் பாரம் மெஷினில் ஏறவில்லை. என் மேஜைமேல்தான் இருந்தது, பிழை திருத்திய தாளாக, என் முழங்கைக்குக் கீழே. குறைந்தது அந்த எண்களையாவது மாற்றியிருக்கலாம். பதினான்கு, பதினொன்று என்று படிக்கும்போது நிஜம் போல இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இது நான் உன்னிடம் சொல்லாத முதல் விஷயம். முக்கியமானது இது அல்ல.

புத்தகம் கடைக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், முதலாளி பக்கத்து மேஜையில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். காசிமேட்டு ஆள் ஒருவர் வாசலில் நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. வெயில் ஏறிய உடம்பு. இடது கையில் இரண்டு விரல் இல்லை. மிச்சமிருந்த மூன்று விரலில் எங்கள் புத்தகத்தை மடித்துப் பிடித்திருந்தார்.

"இத எய்துனவரப் பாக்கணும்."

"அவரு வெளியூருண்ணே. இங்க வர மாட்டாரு. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க."

மடித்த பக்கத்தைக் காட்டினார். "இந்தப் பதினாலு, பதினொண்ணு. இது அவருக்கு எங்கேந்து வந்துச்சி? இது நெசமா, கதையாம்மா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"நா போட்டு ஓட்டறவன். சும்மாதான் கேக்கறேன்."

முதலாளி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ ஒரு ஆபீஸ் விஷயத்தை நான் புத்தகத்தில் ஏற்றிவிட்டேன் என்று தெரிந்தால் என் வேலை என்ன ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"கதைதாண்ணே. அட்டைய பாருங்க, நிலாவுல நடக்குது. எல்லாம் சும்மா எழுதறது."

அவர் அட்டையைப் பார்த்தார். முகம் இளகியது. "அதானே பாத்தேன்" என்றார். குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கதை நன்றாக இருப்பதாக எழுதினவரிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடி, ரயிலேறி கொருக்குப்பேட்டைக்கு வந்து, கூட்ஸ் யார்டை ஒட்டிய உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூச்சு வாங்கியது. உன் அம்மா பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நீ வாசலுக்கு வந்தாய். வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் புத்தகத்தை மடித்துப் பிடித்திருந்தது, முதலாளி முழித்தது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும்.

"கையி எப்டி இருந்துச்சி?" என்றாய்.

"எந்தக் கை?"

"வெரலு கீதா இல்லியா, சொல்லு."

"இடது கையில ரெண்டு இல்ல."

நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய். "சூசை அண்ணன்டி. அவருதான் டிரையலுக்கு ஓட்டறவரு. நாளிக்கிக் காலைல முகத்துவாரம் தாண்டி எடுத்துகினு போறாரு. முழு ஸ்பீடு."

என்னைத் திட்டுவாய் என்று நின்றேன். நீ என் தோளில் கை வைத்து, "நல்லவேள வந்து சொன்ன" என்றாய். அவ்வளவுதான். உள்ளே போய் மறுநாளைக்கு எடுத்துப்போகும் பையை அப்போதே எடுத்து வாசலில் வைத்தாய்.

மறுநாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் சூசை அண்ணன் சொல்லித்தான் தெரியும். நீ ஆபீசுக்குள் போகவே இல்லையாம். சாப்பாட்டுப் பையோடு நேராகப் படகுத் துறை ஜெட்டிக்குப் போயிருக்கிறாய். மேனேஜர், இன்ஜினியர்கள், படகை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் நின்றிருக்கிறார்கள். சூசை அண்ணன் எஞ்சினைக் கிளப்பிவிட்டாராம்.

"அண்ணே, போவாதீங்க. அடில பிரேமு கம்மி. கதையில வந்தது நெசந்தான். நாந்தான் எய்தினேன்."

மேனேஜர் உன்னை உள்ளே போகச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லையாம். "தரைப் பலகையத் தொறந்து எண்ணிப் பாருங்கண்ணே. அஞ்சி நிமிசம். பதினாலு இருந்துச்சின்னா நா இப்டியே வூட்டுக்குப் போயிடறேன்."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பலகையைத் தூக்கி எண்ணினார். பிறகு சாவியைக் கழற்றி ஜெட்டியின் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, "எனக்குப் பொண்டாட்டி புள்ள கீது சார்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

ஆபீஸ் ரகசியத்தை வெளியே விட்டாய் என்று மத்தியானத்துக்குள் உன்னை அனுப்பிவிட்டார்கள். சூசை அண்ணனையும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அவருக்குக் கடல் இருந்தது. உனக்கு உன் அம்மாவும், அந்தச் சம்பளமும்தான் இருந்தது.

கொஞ்ச மாதம் கழித்து அந்தப் படகை வேறு ஒரு ஓட்டுநரை வைத்து அமைதியான தண்ணீரில் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்களாம். கரையேற்றிப் பார்த்தபோது அடியில் வெல்டிங் ஓரமாக மயிரிழை போல விரிசல்கள். சத்தமில்லாமல் மூன்று பிரேமைத் திரும்ப வைத்து ஒட்டினார்கள். அந்த வெல்டர்களில் ஒருவர் வந்து உன்னிடம் சொன்னார். நீ கேட்டுக்கொண்டு, "எந்த எடத்துல வச்சாங்க?" என்று மட்டும் விசாரித்தாய். உன்னைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

அச்சகத்துக்கும் ஒரு வக்கீல் கடிதம் வந்தது. முதலாளி பயந்துபோய், கெளுத்தியை அடுத்த நாவலோடு முடித்துவிடச் சொன்னார். "பறக்க வையி, ஜெயிக்க வையி, முடி." நீ இல்லாமல் நான் தனியாக உட்கார்ந்து எழுதினேன். உதறல், சூடு, கனம் எல்லாம் ஒரு பக்கத்தில் சரியாகிவிட்டது. கெளுத்தி பறந்தது. நாற்பது பக்கத்தில் கொள்ளையர் ஒழிந்தார்கள். தளபதிக்குப் பதக்கம்.

பெஞ்சில் உட்கார்ந்து நீ அதை முழுக்கப் படித்தாய். நான் ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பறந்துச்சா. சரி" என்றாய். பிறகு, "அந்தத் தாமர இன்னா ஆனா?"

நான் அவளை மறந்துவிட்டிருந்தேன். கடைசி நாவலில் அவள் பெயரே இல்லை. புத்தகத்தை என்னிடம் தராமல் உன் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நாம் சேர்ந்து எழுதவில்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு கட்டட கான்டிராக்டரிடம் வீட்டு பிளான் வரையும் வேலைக்குப் போனாய். படகுக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "வூடு நவுராது, அதான்" என்பாய். சிரிக்காமல் சொல்வாய். அந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பட்டறைப் பேச்சு வந்தால் கண்ணில் ஒரு சுறுசுறுப்பு வரும், உடனே அதை நீயே அணைத்துக்கொள்வாய்.

ஒருநாள் சாயங்காலம் காசிமேட்டுக் கரையில் நின்றுகொண்டிருந்தோம். உன் அம்மாவுக்கு நண்டு வாங்க வந்திருந்தாய். அப்போது அந்தப் படகு வந்தது. சாம்பல் நிறம், மேலே சின்னக் கூண்டு, துறைமுகத்தின் வாயைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீதான் என் கையைப் பிடித்தாய்.

"மூக்கு நல்லா தூக்குது பாரு. தண்ணி ரெண்டு பக்கமும் சமமாப் பிரியுது."

உன் குரலில் கோபத்தைத் தேடினேன். இல்லை. பெற்ற பிள்ளை தெருவில் ஓடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது புள்ளியாகும் வரை நண்டுக்காரம்மா கூப்பிட்டது உன் காதில் விழவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

யாரிடம் என்னை அறிமுகம் செய்தாலும் நீ அந்தக் கதையைச் சொல்வாய். கான்டிராக்டரிடம், பக்கத்து வீட்டில், ரயிலில் பழகினவர்களிடம். "இவ மட்டும் அன்னிக்கி மூச்சு எறைக்க ஓடியாந்து சொல்லலன்னு வையி, அந்த மனுசன் போய்ச் சேந்திருப்பாரு." நீ செய்ததைச் சொல்லவே மாட்டாய். ஜெட்டியில் நின்றதை, வேலை போனதை, எதையும். நான் ஓடி வந்ததை மட்டும் சொல்வாய்.

நான் எச்சரிக்க ஓடி வரவில்லை. பெருமையடிக்க ஓடி வந்தேன்.

ஒரு வாசகர் நேரில் தேடிக்கொண்டு வந்துவிட்டார் என்பதை உன்னிடம் சொல்ல எனக்குச் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. வேறொருவர் பெயரில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, புத்தகத்தை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றது அப்படி இருந்தது. ரயிலில் நின்றுகொண்டே அவர் பேசியதை அவர் மாதிரியே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், உன்னைச் சிரிக்க வைப்பதற்காக. உன் வாசலில் அப்படித்தான் சொல்லவும் ஆரம்பித்தேன். உனக்கு அது ஞாபகம் இல்லாமல் போனது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கேட்ட விஷயம் பெரிதாக இருந்ததால் சொன்ன விதம் உன் காதில் ஏறவில்லை போலிருக்கிறது.

அவர் எந்தப் படகை ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. 'போட்டு ஓட்டறவன்' என்று அவர் சொன்னபோது உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்றது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். கதைதாண்ணே என்றேன். மறுநாள் சோதனை என்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நம்புகிறேன். நம்புகிறேன் என்பதற்கு மேல் எழுத முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, வயிற்றுக் கட்டியை எடுத்தும் பலனில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, ஒருநாள் மத்தியானம் நர்ஸம்மாவிடமும் அதையே ஆரம்பித்தாய். குரல் கம்மிப்போயிருந்தது. "சிஸ்டர், இவள யாருன்னு நெனச்சீங்க..." எனக்குத் தாங்கவில்லை.

"அது அப்படியில்லடி" என்றேன்.

"சும்மா இரு" என்றாய். "எப்பப் பாரு இப்டித்தான் சிஸ்டர், தன்னப் பத்திச் சொன்னா புடிக்காது இவளுக்கு." நர்ஸம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய், வலியோடு. உன் தலையணையைச் சரிசெய்துவிட்டு நான் கீழே இறங்கி, டீக்கடையில் வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். நாலைந்து நாள் இருந்தாய். ஒவ்வொரு நாளும் உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன்னை எடுப்பதற்கு முன்னால் சூசை அண்ணன் வந்தார். கொருக்குப்பேட்டை வீட்டு வாசலில், உன் அம்மாவின் முன்னால், கூட்டத்துக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்: "நா உயிரோட நிக்கறது இந்தப் பொண்ணாலயும், தோ, அந்தம்மாவாலயும்." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உன் அம்மா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் கையை இழுக்கவில்லை.

அச்சகம் மூடிவிட்டது. நான் இங்கேயே கல்மண்டபத்தில் இந்தச் சின்னக் கடையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கதை எழுதுவதில்லை. யாராவது வந்து ஒன்றைக் காட்டி 'இது நெசமா?' என்று கேட்டால், அது வாடகை ஒப்பந்தமோ வேலை விளம்பரமோ எதுவாக இருந்தாலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அது அவ்வளவுதான். பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கே சில நாள் அலுத்துப்போகிறது.

சூசை அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வருகிறார். இப்போது கடலுக்குப் போவதில்லை. முட்டி வலி. பேரனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருகிறார். அவர் வருவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கி, திருத்தி, சின்னதாக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். 'அண்ணே, அன்னிக்கு நான் அதுக்காகப் போகல.' ஐந்தே வார்த்தை. அவர் சைக்கிளிலிருந்து மெதுவாக இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்று விரலால் கேக் டப்பாவை நீட்டுகிறார்.

"உள்ள வாங்கண்ணே" என்று சொல்லி அதை வாங்கிக்கொள்கிறேன்.